கருவூலத்தின் சாவி யாரிடம்? அமெரிக்க ஆட்சி முறை குறித்து ஒரு பாடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சி முறையைப் பயிலும் மாணவர் சில விவரங்களை மனப்பாடம் செய்துகொள்வது வழக்கம். பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்; பதவிக் காலம் இரண்டு ஆண்டு. செனட் சபையில் மாநிலத்துக்கு இருவர் வீதம் 100 உறுப்பினர். பதவிக் காலம் ஆறு ஆண்டு. ஜனாதிபதிக்கு நான்கு ஆண்டு. இவை தேர்வுக்கு உதவும். ஆனால் அம்முறை நடைமுறையில் இயங்கும் விதத்தை அறிய வேண்டுமாயின், அரசின் பணத்தைச் செலவிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற ஒரு கேள்வியைப் பின்தொடர்வதே நல்ல வழி எனலாம்.

சட்டத்தின் மூலம் ஒதுக்கீடு செய்யப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கப்படலாகாது என்று அந்நாட்டு அரசியலமைப்பின் முதல் பிரிவு விதிக்கிறது. ஒதுக்கீடு செய்வது இரு சபைகளும் சேர்ந்த காங்கிரஸ். வரி விதிக்கும் மசோதாக்கள் பிரதிநிதிகள் சபையில்தான் தோன்ற வேண்டும். 1921-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர் ஆண்டுதோறும் ஜனாதிபதி வரவு செலவுத் திட்டம் ஒன்றை அனுப்புகிறார். ஆயினும் அது பரிந்துரையே. காங்கிரஸ் அதனை ஏற்கலாம், மாற்றலாம், ஒதுக்கியும் வைக்கலாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு மக்களவையில் பெரும்பான்மை பெற்றவர்களே அமைச்சரவை அமைக்கின்றனர். மானியக் கோரிக்கை தோற்குமாயின் அமைச்சரவை நம்பிக்கை இழந்ததாகக் கருதப்படும். அமெரிக்காவில் ஜனாதிபதியும் காங்கிரசும் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வரவு செலவுத் திட்டத்தில் ஏற்படும் பிணக்கின் காரணமாக ஒருவர் மற்றவரைப் பதவியிலிருந்து இறக்க இயலாது.

காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைச் செலவிட ஜனாதிபதி மறுத்தால் என்ன செய்வது? சிக்கலின் மையம் இதுவே. 1803-இல் பீரங்கிப் படகுகளுக்கென ஒதுக்கப்பட்ட 50,000 டாலரை ஜெஃபர்சன் செலவிடாது வைத்திருந்ததுண்டு. தேவை குறைந்ததால் அச்செயல் பெரும் பூசலாகவில்லை. நிக்சன் காலத்தில் நடந்தது அத்தகையது அன்று. 1972-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் வாயிலாக, நகரங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைப்பதற்கு மூன்றாண்டுகளில் 1,800 கோடி டாலர் வரை வழங்கக் காங்கிரஸ் முடிவு செய்தது. நிக்சன் தம் மறுப்பாணையைப் பயன்படுத்தினார். இரு சபைகளும் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்ட வாக்குகளால் அதை முறியடித்தன. பாடநூலின்படி விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் முதலிரண்டு ஆண்டுகளுக்குரிய 1,100 கோடி டாலரில் 500 கோடியை மட்டுமே மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்குமாறு அவர் ஆணையிட்டார்.

நியூயார்க் நகரம் வழக்குத் தொடுத்தது. முழுத் தொகையையும் பகிர்ந்தளித்தே ஆகவேண்டும் என்று 1975 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் நிக்சன் பதவி விலகிவிட்டார். கழிவுநீர்க் குழாய்க்காகக் காத்திருந்த நகராட்சிகளுக்கு இத்தாமதம் அரசியலமைப்புத் தத்துவமாகத் தோன்றியிருக்காது என்பதையும் இங்கே கூறவேண்டும்.

தீர்ப்புக்கு முன்னரே, 1974 ஜூலையில் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஒதுக்கீட்டைக் கைவிட விரும்பும் ஜனாதிபதி காங்கிரசின் இசைவைக் கோரவேண்டும். கூட்டத் தொடரின் 45 நாட்களுக்குள் இசைவு கிடைக்காவிடில் பணத்தை விடுவித்தாக வேண்டும். மேலும், நிதியாண்டு அக்டோபர் முதல் நாளுக்கு மாற்றப்பட்டது. ஜனாதிபதியின் கணக்கையே நம்பியிராமல் காங்கிரசுக்கெனத் தனி வரவு செலவு அலுவலகமும் ஏற்படுத்தப்பட்டது.

காங்கிரஸ் உரிய காலத்தில் ஒதுக்கீடே செய்யாவிடில் நேர்வது வேறொரு துன்பம். முன்பெல்லாம் மசோதா தாமதமானாலும் அலுவலகங்கள் ஒருவாறு இயங்கிவந்தன. ஒதுக்கீடின்றிப் பணி தொடர்வது சட்டவிரோதம் என்று 1980-இல் அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி கருத்துரைத்த பின்னரே அலுவலகங்களை மூடும் வழக்கம் வேரூன்றியது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு அளிக்கும் பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. முதியோர் ஓய்வூதியம் போன்றவை ஆண்டு ஒதுக்கீட்டைச் சாராதவை; ஆதலின் தடைப்படுவதில்லை. மெக்சிகோ எல்லைச் சுவருக்கான நிதி குறித்த பூசலால் 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாட்கள் பல துறைகள் முடங்கின. ஏறத்தாழ எட்டு லட்சம் ஊழியர் சம்பளம் பெறவில்லை. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோர் உள்ளிட்ட பலர் சம்பளமின்றியே பணிக்கு வந்தனர். இந்தியாவில் இத்தகைய இடைவெளியைத் தவிர்க்க, அரசியலமைப்பின் 116-ஆம் விதி முன்பண மானியத்திற்கு வழிசெய்கிறது. அமெரிக்கரும் தற்காலிகத் தொடர் தீர்மானங்களைக் கையாளுகின்றனர். ஆனால் அவையும் இரு சபைகளிலும் நிறைவேறி ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெறவேண்டும்.

இவ்விரு சிக்கல்களும் 2025-இல் அடுத்தடுத்து எழுந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில், வெளிநாட்டு உதவிக்கென ஒதுக்கிய ஏறக்குறைய 490 கோடி டாலரைக் கைவிட ஜனாதிபதி டிரம்ப் இசைவு கோரினார். நிதியாண்டு முடிய 45 நாட்கள் இல்லை. காங்கிரஸ் வாளாவிருந்தாலும் பணம் காலாவதியாகிவிடும். இத்தொகையில் பெரும்பகுதியை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் இடைக்கால ஆணையின் மூலம் அனுமதித்தது. அக்டோபர் முதல் நாள் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. இரு சபைகளிலும் ஜனாதிபதியின் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தது. எனினும் செனட் சபையில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல 60 உறுப்பினர் ஆதரவு வேண்டும். அது ஆளுங்கட்சியிடம் இல்லை. மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்க வேண்டுமென எதிர்க்கட்சியினர் வற்புறுத்தினர். எதிரணியில் சிலர் இணங்கிய பின்னர், நவம்பர் 12-ஆம் நாள், 43 நாட்கள் கழித்து, அலுவலகங்கள் திறக்க வழி பிறந்தது.