எல்லையில் நிற்கும் சர்க்கரைக்கு மாத்திரை எப்போது?

ஆய்வு அறிக்கையைக் கையில் ஏந்தி வருவோர் பலர் எங்களிடம் முதலில் கேட்பது, "மாத்திரை தொடங்கிவிடலாமா?" என்பதே. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பின், அதனை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறோம்.

இந்நிலையில் நாங்கள் எண்ணிப்பார்க்கும் மருந்து பெரும்பாலும் மெட்பார்மின். கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையை அது குறைக்கிறது. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், இம்மாத்திரை நீரிழிவு வருவதை 31 விழுக்காடு குறைத்தது. உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் 58 விழுக்காடு குறைத்தன. அறுபதைக் கடந்தோருக்கு மாத்திரையால் பெரிய பயன் தென்படவில்லை. இளவயதினர், மிகுந்த உடற்பருமன் உள்ளோர், கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்கள் ஆகியோருக்கு நற்பயன் தந்தது.

நம் மக்களின் உடல்வாகு வேறாயிற்றே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்றாண்டு கண்காணித்து 2006-இல் முடிவு வெளியிட்டனர். குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரத்திற்குப் பின் சர்க்கரை உயர்ந்து காணப்பட்டவர்கள் அவர்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளியாயினர். வாழ்க்கைமுறை மாற்றம் அந்த இடரை 28.5 விழுக்காடும், மெட்பார்மின் 26.4 விழுக்காடும் குறைத்தன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது கிடைத்தது 28.2, கூடுதல் பயன் ஏதுமில்லை.

ஆகவே முதல் வருகையிலேயே மாத்திரை எழுதாததை அலட்சியமாகக் கருத வேண்டாம். சில மாத முயற்சிக்குப் பின்னும் அளவு ஏறுமாயின், அல்லது மேற்சொன்ன பிரிவுகளில் ஒருவராயின், எழுதுகிறோம். அதற்குமுன் கிரியேட்டினின் பார்த்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிகிறோம். தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு, குமட்டல் வரலாம். உணவோடு உட்கொண்டால் தணியும். ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அதனையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

எங்களை அஞ்சவைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. தந்தைக்கு எழுதிய மாத்திரை அட்டையிலிருந்து மகனும் நாள்தோறும் ஒன்று எடுத்துக்கொள்வது. தந்தையின் மாத்திரையில் மெட்பார்மினோடு கிளிமிபிரைடும் கலந்திருக்கலாம். பெயர்கள் ஒத்திருப்பதால் அட்டையைப் பார்த்துக் கண்டறிவது கடினம். நீரிழிவே இல்லாதவரின் சர்க்கரையை அது அபாய அளவுக்குத் தாழ்த்திவிடும். வியர்த்து, கை நடுங்கி, வண்டியோட்டும்போது மயங்கி விழவும் நேரும். அவ்வாறு உட்கொண்டிருந்தால் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அந்த அட்டையையும் உடன் எடுத்து வாருங்கள்.

மாத்திரை எழுதப்படாதோரும் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு வருதல் வேண்டும். வரும்போது பழைய அறிக்கைகளும் இருக்கட்டும்.