காட்டில் துணைவரும் கைக்கருவி



தோட்டத்தில் வாழ்ந்து பழகிய நம் மக்களுக்குத் திசையறிதல் புதிய கலையன்று. விடியற்காலை இருளிலும் நிரைகளை எண்ணியே வேலைக்காட்டிற்குச் சென்று திரும்பும் ஆற்றல் நம் பாட்டாளிகளுக்கு உண்டு. ஆயினும், மனிதர் நட்ட தோட்டத்தில் வரிசை உண்டு. இயற்கை வளர்த்த காட்டில் வரிசை இல்லை. பாதையை விட்டுச் சில அடிகள் விலகினாலும் நாற்புறமும் ஒரே தோற்றமாகவே காணப்படும். ஆதலின், மலையேறச் செல்வோருக்குத் துணைவரும் ஜி.பி.எஸ். கைக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

கருவியின் வரலாறு

ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள்களின் உதவியால் உலகின் எவ்விடத்தையும் கணித்தறியும் ஏற்பாடு ஆகும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இத்திட்டத்தை 1973-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதல் செயற்கைக்கோள் 1978-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஏவப்பட்டது.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி விலகிச் சோவியத் வான்வெளியில் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். வழி தவறுதல் எத்துணைக் கொடியது என்பதை உலகம் உணர்ந்தது. அதன் பின்னர், இவ்வசதியைப் பொதுமக்களுக்கும் வழங்கப்போவதாக அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. 1995-ஆம் ஆண்டில் இத்திட்டம் முழுமை பெற்றது. எனினும், பொதுமக்களுக்கான அலைகளில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டமையால், கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரையிலும் விலகியிருக்கக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. இன்று திறந்த வெளியில் சில மீட்டர் அளவிற்கே பிழை நேர்கிறது.

இயங்கும் விதம்

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி முழங்கும்வரை சென்ற நேரத்தைக் கொண்டு மழை எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணிப்பவர் உண்டு. இக்கருவியும் அவ்வாறே நேரத்தைக் கொண்டு தொலைவை அறிகிறது.

புவிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலை வழியே ஓயாது அறிவித்துக்கொண்டே இருக்கும். அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரைந்து, ஒரு நொடியின் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் நம்மை வந்தடையும். வந்த நேரத்தைக் கொண்டு தொலைவைக் கருவி கணக்கிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தொலைவு இடத்தைக் குறிக்கும். நான்காவது, கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்த உதவும். ஆகவே, நான்கேனும் தென்பட வேண்டும்.

இங்கு ஓர் உண்மையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். சாதாரணக் கைக்கருவி அலைகளைப் பெறுமேயன்றி அனுப்பாது. கட்டணமின்றியும், தொலைபேசிக் கோபுரம் இல்லாத இடத்திலும் அது இயங்குவதற்குக் காரணம் இதுவே. ஆனால், அது நாம் நிற்கும் இடத்தை நமக்கு மட்டுமே கூறும், வீட்டிலுள்ளோருக்குக் கூறாது. பிள்ளையின் கையில் கருவி இருக்கிறது என்று பெற்றோர் கவலையற்று இருத்தல் ஆகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

கைப்பேசியிலும் இவ்வசதி உண்டே, தனிக்கருவி எதற்கு என்று சிலர் வினவலாம். குறுகிய நடைக்குக் கைப்பேசி போதும். நெடும்பயணத்தில் அதன் மின்சக்தி தீர்ந்துவிட்டால், வழியோடு பேச்சும் நின்றுவிடும். எனவே, கைப்பேசியை உதவி கோருவதற்கெனக் காத்து வைத்து, வழியறியத் தனிக்கருவி கொண்டு செல்வதே அறிவுடைமை. கருவி வாங்குவோர் கீழ்க்காண்பவற்றை நோக்குக.

1. அலைகளைப் பெறும் திறன்: நம் நாட்டுக் காடு அடர்ந்த கூரை போன்றது. இலைகளிலுள்ள நீர் அலைகளை வலுவிழக்கச் செய்யும். ஆகவே, ஜி.பி.எஸ். மட்டுமன்றி, இரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் அலைகளையும் பெறும் கருவி சிறந்தது.

2. மின்கலம்: கடையில் கிடைக்கும் சிறு மின்கலங்களை மாற்றிக்கொள்ள இயலுமா என்று காண்க. 2019-இல் வெளிவந்த கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு மின்கலங்களில் ஏறத்தாழ 25 மணி நேரம் இயங்குமென அந்நிறுவனம் கூறுகிறது. 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தகான் போன்ற மலைகளுக்குப் பயணம் பல நாள் நீளும். அங்கு மாற்று மின்கலமே உயிர்த்துணை.

3. திசைகாட்டி: விலை குறைந்த கருவிகள் பலவற்றில் மின்திசைகாட்டி இராது. அவை நாம் நடக்கும்போது மட்டுமே திசையைச் சரியாகக் காட்டும். நின்றால் அம்பு தடுமாறும். ஈட்ரெக்ஸ் 32எக்ஸில் மின்திசைகாட்டி உண்டு; 22எக்ஸில் இல்லை.

4. மழை தாங்கும் வலிமை: ஐ.பி.எக்ஸ். 7 என்னும் தரக்குறியுள்ள கருவி, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது. ஈரக் கையால் தொடுதிரையை இயக்குவது கடினம். பொத்தான்கள் உள்ள கருவி எளிது.

விலை உயர்ந்ததே சிறந்ததென மயங்க வேண்டா. பழகிய எளிய கருவி, பழகாத உயர்ந்த கருவியினும் மேலானது.

பயன்படுத்தும் முறை

காட்டினுள் நுழையுமுன், திறந்த வெளியில் கருவியை இயக்கிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அலைகள் நன்கு கிடைத்த பின்னர், நிற்கும் இடத்தைப் ‘புறப்பட்ட இடம்’ எனப் பதிவு செய்க. இதுவே எல்லாவற்றினும் முதன்மையான செயல். வழி தவறிய பின்னர் இதனைச் செய்ய இயலாது. நடந்த தடத்தைப் பதிவு செய்யும் வசதியையும் இயக்கிவிட்டால், வந்த வழியே திரும்புதல் எளிதாகும்.

வரைபடமும் கருவியும் ஒரே அளவை முறையைப் பின்பற்றுகின்றனவா என்று காண்க. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் அளவை அடிப்படையில் அமைந்தவை. கருவியோ உலகப் பொது அளவையான டபிள்யூ.ஜி.எஸ். 84-ஐ இயல்பாகப் பின்பற்றும். இவ்வேறுபாட்டைக் கவனியாவிடில் இடம் நூறு மீட்டருக்கு மேலும் விலகிவிடும்.

கருவி காட்டும் தொலைவு நேர்கோட்டுத் தொலைவே. ‘300 மீட்டர்’ என்று அது கூறும். இடையே பள்ளத்தாக்கோ ஆறோ இருப்பதைப் பொருட்படுத்தாது. அம்பை மட்டும் நம்பிப் பாதையை விட்டு இறங்குதல் பேராபத்து.

புதையல் தேடும் விளையாட்டு

2000-ஆம் ஆண்டில் அலைப்பிழை நீங்கிய சில நாள்களுக்குள், மே 3-ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டில் ஒரு வாளியை வைத்தார். அதனுள் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் சில பொருள்களும் இருந்தன. இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிட்டு, தேடிக் கண்டவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துச் செல்லுமாறு கூறினார். அதுவே ஜியோகேச்சிங் விளையாட்டின் தொடக்கம். இன்று உலகெங்கும் இது பரவியுள்ளது.

இவ்விளையாட்டு கணிதத்தையும் புவியியலையும் ஒருங்கே கற்பிக்கும். ஒரு பாகைக்கு 60 நிமிடங்கள். நம் நாட்டில் ஒரு நிமிடம் என்பது நிலத்தில் ஏறத்தாழ 1,850 மீட்டர். வடக்கு 3 பாகை 10.200 நிமிடத்தில் நாம் நிற்கிறோம். புதையலோ அதே தீர்க்கரேகையில் 10.400 நிமிடத்தில் உள்ளது எனக் கொள்வோம். வேறுபாடு 0.200. இதனை 1,850-ஆல் பெருக்கினால் 370. ஆகவே, வடக்கே ஏறத்தாழ 370 மீட்டர் செல்ல வேண்டும்.

இடத்தை நெருங்கிவிட்டால் கருவியை விட்டுக் கண்ணால் தேடுக. பொந்துகளில் கையை நுழைக்காமல் கோலால் தட்டிப் பார்க்க வேண்டும். பாம்பும் தேளும் இருக்கக்கூடும். செடிகொடிகளை முறித்தல், மண்ணைத் தோண்டுதல், பெட்டியில் உணவு வைத்தல் ஆகியன கூடா.

மறவாதன

வேலைக்குச் செல்வோர் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுச் செல்வதைப் போன்று, காட்டிற்குச் செல்வோரும் செல்லும் இடம், உடன் வருவோர், திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டில் கூறிச் செல்ல வேண்டும். காப்புக் காடுகளுக்குச் செல்லுமுன் வனத்துறையின் அனுமதியைப் பெறுக. மாணவர் தனித்துச் செல்லலாகாது. மாலை 7 மணி அளவில் கதிரவன் மறையினும், மரங்களின் கீழ் அதற்கு முன்னரே இருள் சூழும். ஆகவே, திரும்பும் நேரத்தை முன்னரே குறித்து, மலையுச்சி அருகிலிருப்பினும் அந்நேரத்தில் திரும்பிவிடுக.

வழி தவறியது தெரிந்தால் மேலும் நடவாது அங்கேயே நிற்க வேண்டும். கைப்பேசியில் 999-ஐ அழைத்து, கருவி காட்டும் எண்களைப் படித்துக் கூறுக. நாம் நிற்கும் இடத்தை மீட்புப் படையினர் அறிய அவ்வெண்களே போதும். அவ்வெண்களைப் பிழையின்றிப் படிக்க இன்றே பழகுவோமாக. தாளில் அச்சிட்ட வரைபடத்தையும் காந்தத் திசைகாட்டியையும் உடன் கொண்டு செல்வோமாக. கருவி இடத்தைக் கூறும். எடுத்து வைக்கும் அடியை நம் அறிவே தீர்மானிக்க வேண்டும்.

பயிற்சி

1. நான்காவது செயற்கைக்கோள் எதற்கு உதவுகிறது?

2. காட்டினுள் நுழையுமுன் கருவியில் பதிவு செய்ய வேண்டியது யாது? ஏன்?

3. நாம் வடக்கு 3 பாகை 12.100 நிமிடத்தில் நிற்கிறோம். புதையல் அதே தீர்க்கரேகையில் 12.500 நிமிடத்தில் உள்ளது. எத்திசையில், எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும்?

4. அம்பு காட்டும் திசையில் பள்ளத்தாக்கு உள்ளது. நாம் செய்ய வேண்டியது யாது? பெற்றோருடன் கலந்துரையாடி எழுதுக.