குறட்டை விடுபவர் நன்றாகத் தூங்குகிறாரா?



எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கும்பகர்ணன் என்று பட்டப்பெயர். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டைச் சத்தம் வாசல் வரை கேட்கும். ஒரு தீபாவளியின்போது நானும் தங்கையும் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து குடும்பப் புலனக் குழுவில் போட்டோம். சித்தப்பா, அத்தை எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பதிவில் குறட்டை திடீரென்று நிற்கும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு திணறலோடு மறுபடியும் தொடங்கும். அந்த அமைதியை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

சில மாதங்கள் கழித்து, விடியற்காலையில் ஓட்டும்போது அப்பா கண்ணயர்ந்துவிட்டார். பஸ் சாலைத் தடுப்பை உரசி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. அன்றுதான் அப்பா உண்மையைச் சொன்னார்: "ரொம்ப நாளாவே பகல்ல தூக்கமா வருது. வெளிய சொன்னா லைசென்ஸ் போயிடும். அப்புறம் உங்க படிப்பு என்னாவுறது?"

கிளினிக்கில் டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. "அப்பா குறட்டை விடுவாரா?" என்று என்னிடம் கேட்டார். தயக்கத்தோடு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். அமைதி வந்த இடத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். இருபது விநாடி. "தம்பி, இது சிரிக்கிற விஷயம் இல்ல" என்றார்.

இது என்ன நோய்?

இதன் பெயர் ஸ்லீப் அப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடவையாகக் கணக்கிடுகிறார்கள். பாதி அடைபட்டு மூச்சு குறைவதையும் சேர்த்து எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறைக்குக் கீழ் என்றால் இயல்பு. 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை. மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்த தூக்கப் பரிசோதனையில் அப்பாவுக்கு மணிக்கு 38 வந்தது.

மற்ற நோய்களோடு என்ன தொடர்பு?

மூச்சு நின்றதும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி நம்மை அரைகுறையாக எழுப்புகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்குவதே இல்லை. நாளடைவில் பகலிலும் அது உயர்ந்தே நிற்கிறது. அப்பாவின் மாத்திரைகள் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றார் டாக்டர்.

இந்நோய் உள்ளவர்களுக்கு ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம் அதிகம். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் நீரிழிவும் சேர்ந்து வரலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடமே அதிகம். ஆகவே இது நம் வீட்டுக் கதை.

உடல் எடை கூடினால் தொண்டை குறுகும். தூக்கம் கெட்டால் பசியும் சோர்வும் கூடி எடை இன்னும் ஏறும். ஆனால் ஒல்லியாக இருப்பவர்களுக்கு வராது என்று நினைக்காதீர்கள். தாடை சிறியதாக இருந்தாலும் வரும். டான்சில் பெரிதாக உள்ள குழந்தைகளுக்கும் வரும்.

சிகிச்சை

1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் ஒரு வழியை அறிமுகப்படுத்தினார். முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடாமல் வைப்பது. அதற்கான கருவிக்கு சிபேப் என்று பெயர். இது நோயை ஒழிக்காது; போட்டிருக்கும் வரை தடுக்கும். அதனால் தினமும் போட வேண்டும். எடை குறைப்பதும் பக்கவாட்டில் படுப்பதும் பலருக்கு உதவும். மது இதைக் கூட்டும். தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

முதல் வாரம் அப்பா முகமூடியைப் பிடுங்கிப் போட்டார். "அப்பா, துதிக்கையோட பிள்ளையார் மாதிரியே இருக்கீங்க" என்றாள் தங்கை. சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். டாக்டர் அனுமதிக்கும் வரை அவர் பஸ் ஓட்டவில்லை. டிப்போவில் வேறு வேலை பார்த்தார். இரண்டு மாதத்தில் காலைத் தலைவலி போனது, அழுத்தமும் இறங்கத் தொடங்கியது. இன்று மறுபடியும் ஓட்டுகிறார்.

நாம் செய்ய வேண்டியது

இந்நோய் உள்ளவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் விழித்திருப்பவருக்கே தெரியும். அந்தச் சாட்சி நாம்தான். இந்த வாரம் வீட்டில் கவனியுங்கள்:

1. குறட்டை நடுவில் நின்று, திணறலோடு தொடங்குகிறதா?
2. காலையில் தலைவலி, வாய் வறட்சி உண்டா?
3. இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுகிறாரா?
4. பகலில், முக்கியமாக வாகனம் ஓட்டும்போது, தூங்கி வழிகிறாரா?
5. மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் குறையவில்லையா?

இவற்றில் சில இருந்தாலே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கைப்பேசிப் பதிவு இருந்தால் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். புலனக் குழுவில் போட வேண்டாம். அந்தத் தவற்றை நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.