சக்கர் மீன்களில் இனமும் ஆண் பெண் பேதமும் அறியும் விதம்

கண்ணாடித் தொட்டிகளில் அலங்கார மீன் வளர்க்கும் வழக்கம் பட்டணங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. அத்தொட்டிகளில் ஏதேனும் ஒரு மீன், மற்றவற்றைப் போல் நடுநீரில் திரியாமல், கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். வியாபாரிகள் இதனைச் சக்கர் என்றும் டாங்க் கிளீனர் என்றும் சொல்லுவர். மீன் வளர்ப்போர் பிளெக்கோ என்பர். 2 அங்குல நீளத்தில் அற்ப விலைக்குக் கிடைக்கும் இதனை வாங்குவோர், அது எவ்வினத்தது என்று விசாரிப்பதில்லை. ஓரிரு வருஷங்களில் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டி கொள்ளாமற் போகவே, கொல்ல மனமின்றி ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு, மேற்கு வங்காளம் முதலிய ராஜ்யங்களின் நீர்நிலைகளில் இம்மீன் புகுந்து, வலைகளில் அகப்பட்டு வருகின்றது. ஆகையால் ஏரிப் பாசனத்தை நம்பிய நிலச்சுவான்தார்களும், ஏரிகளைக் கண்காணிக்கும் கிராம அதிகாரிகளும் இதன் இனங்களைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுதல் அவசியமாகும்.

இம்மீன்களின் பிறப்பிடம் தென் அமெரிக்காவும் அதனை அடுத்த மத்திய அமெரிக்கப் பிரதேசமுமாம். கெளுத்தி வர்க்கத்தில் லோரிகாரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றுள் ஏறக்குறைய ஆயிரம் இனங்கள் உண்டு. பெயரிடப்படாத புதிய இனங்கள் பல வியாபாரத்துக்கு வந்தமையால், 1988-ஆம் வருஷம் முதல் ஜெர்மானியப் பத்திரிகை ஒன்று அவற்றுக்கு எல் என்ற எழுத்தோடு இலக்கமிட்டு வழங்கத் தொடங்கிற்று. உடல் முழுவதும் செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வரிசையாய்ப் போர்த்திருத்தலும், வாய் தலையின் அடிப்புறத்தில் வட்டமாய் அமைந்திருத்தலும் இக்குடும்பத்தின் அடையாளங்கள். நம் மலையோடைகளிற் கல்லில் ஒட்டி வாழும் சிறு மீன்களுக்கு இத்தகைய எலும்புத் தகடுகள் இல்லை. அவற்றை இவையென்று எண்ணி அழித்துவிடலாகாது.

நிறத்தைக் கொண்டு இனத்தைத் துணிதல் தவறு. பெரிதாக வளரும் இனத்திலும் சிறிய இனத்திலும் பொன்னிற மீன்கள் விற்பனைக்கு வருகின்றன. துணையாகக் கொள்ளத்தக்கது முதுகுத் துடுப்பே. அத்துடுப்பின் முன்னோரத்தில் கெட்டியான முள் ஒன்று இருக்கும். அதன் பின் துடுப்பைத் தாங்கும் மெல்லிய ஈர்க்குகள் இருக்கும். முள்ளை விட்டு ஈர்க்குகளை மட்டும் எண்ணுதல் வேண்டும். 9-க்குக் குறையாமல், சாதாரணமாக 10 முதல் 14 வரை இருப்பின், அது டெரிகோப்ளிக்திஸ் என்னும் பேரினத்தது. ஒன்றரை அடி வரையில் வளரக்கூடியது. கடைகளில் மலிவாய்க் கிடைப்பது பெரும்பாலும் இதுவே. 7 மட்டும் இருப்பின் ஆன்சிஸ்ட்ரஸ் முதலிய பிற இனங்களில் ஒன்றாகலாம். குஞ்சு தன் துடுப்பை மடக்கியே வைத்திருக்குமாதலால், அதனை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அச்சத்தால் துடுப்பை விரிக்கும்போது எளிதில் எண்ணலாம். இந்தச் சிறு பரீட்சையைக் கடையிலேயே செய்து பார்க்கத் தயங்க வேண்டுவதில்லை.

வீட்டுத் தொட்டிக்கு உகந்தது ஆன்சிஸ்ட்ரஸ். இது 5 அங்குலத்துக்கு மேல் வளர்வது அரிது. ஆண் பெண் பேதமும் இதில் தெளிவாகத் தெரியும். வளர்ந்த ஆணின் மூக்கின் மேலும் நெற்றி வரையிலும் கிளைத்த தாடி போன்ற மிருதுவான தசை இழைகள் நிறைந்திருக்கும். பெண்ணுக்கு அவை இல்லை. இருந்தாலும் உதட்டின் மேல் விளிம்பில் குறுகிய ஒற்றை வரிசையாய் மட்டும் இருக்கும். இளம் ஆணும் முதலில் இவ்வாறே தோன்றுமாதலால், 3 அங்குல வளர்ச்சிக்கு முன் முடிவு செய்தல் கூடாது. அதற்குச் சிறிய குஞ்சுகளை ‘ஜோடி’ என்று கூறி அதிக விலை கேட்கும் வியாபாரியின் சொல்லுக்கு மதிப்பில்லை. முட்டைகளையும் குஞ்சுகளையும் குகைக்குள் காப்பது ஆணே. பெண் மீன், குஞ்சுகளோடிருக்கும் ஆணையே விரும்புமென்றும், ஆணின் தாடி குஞ்சுகளைப் போல் தோன்றி அதனைக் கவர்கிறதென்றும் 1999-ல் ஆராய்ச்சியாளர் கருத்து வெளியிட்டனர். ஒரு பக்கம் அடைத்த மூங்கிற் குழாயோ மண்குழாயோ தொட்டியில் இட்டால் அதையே குகையாகக் கொள்ளும்.

தாடியில்லாத இனங்களில் மேலிருந்து நோக்குதல் வேண்டும். ஆணுக்குத் தலை அகன்றும் வயிறு ஒடுங்கியும், முதிர்ந்த பெண்ணுக்கு மார்புத் துடுப்பின் பின் வயிறு பருத்தும் இருக்கும். கன்னத்திலும் மார்புத் துடுப்பின் முன்முள்ளிலும் மயிர் போன்ற நுண்முட்கள் ஆணுக்கே நீண்டிருக்கும். பிரேசில் தேசத்துச் சிங்கு நதியில் மட்டும் வாழ்வதும், 1991-ல் பெயரிடப்பட்டதுமான வரிக்குதிரைப் பிளெக்கோவில் இக்குறிகளே துணையாகும். இத்தகைய மீன்களை வலையால் எடுத்தால் கன்னமுள் சிக்கிக் காயமுறும். கிண்ணத்தால் ஏந்துதல் உசிதம்.

பெரிய டெரிகோப்ளிக்திஸில் இக்குறிகள் ஒன்றும் நம்பத்தக்கனவல்ல. ஆசனவாயின் பின்னுள்ள சிறு காம்பு ஆணுக்குக் கூர்மையாயும் பெண்ணுக்கு அகன்று மழுங்கியும் இருக்கும் என்பர். அதுவும் முதிர்ந்த மீனில், பழகிய கண்ணுக்கே தெரியும். ஆகவே ‘இரண்டும் ஆண்தானே, பெருகாது’ என்று எண்ணிக் குளத்தில் விடுவது பெரும் அபாயம். இனப்பெருக்கக் காலத்தில் இது கரையின் மண்ணில் 3 முதல் 5 அடி வரை நீளமான வளை தோண்டும். பெண் ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ முட்டையிடும். அமெரிக்காவில் பிளாரிடா, டெக்ஸாஸ் பிரதேசங்களில் நீர்க்கரைகள் இவ்வளைகளால் சரிந்திருக்கின்றன. மெக்ஸிகோவின் இன்பியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துப் பிழைத்த செம்படவரின் வலைகள் இம்மீனாற் கிழிந்து, அவர்கள் தொழிலும் குன்றிற்று. மண்ணால் ஆன நம் ஏரிக்கரைகளில் இத்தகைய வளை எவ்வளவு கெடுதி செய்யுமென்பதை, நண்டு வளையால் வரப்பு உடைந்து நீரிழந்த குடியானவர் அறிவர்.

ஏரியில் வலை வீசும்போது தகடு போர்த்த இம்மீன் அகப்பட்டால், மேற்சொன்னபடி ஈர்க்குகளை எண்ணிப் பார்த்து, எக்காரணத்தாலும் நீரில் திரும்ப விடலாகாது. கரையில் எறிந்துவிட்டாலும் போதாது. வயிற்றால் காற்றைச் சுவாசிக்க வல்லதாகையால் பல மணி நேரம் உயிரோடிருந்து நீருக்குத் திரும்பக்கூடும். கொன்று புதைத்துவிட்டு, அகப்பட்ட இடத்தையும் மீனின் நீளத்தையும் குறித்து மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். நீர் வற்றும் கோடையில், கரையோரம் வளைகள் உளவாவெனச் சுற்றிப் பார்த்து, கண்டவற்றை மண்ணிட்டு நன்கு கெட்டித்தல் நலம்.