புகைமணியும் வாயுமணியும்

மலைமேற் புகை கண்டு, ஆண்டு நெருப்புண்டெனத் துணிதலை அனுமானத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர் அளவை நூலார். இத்துணிவை ஒரு சிறு பொறியிடம் ஒப்படைத்ததே புகை எச்சரிக்கை மணியாகும். உறங்குவானை அவன் மூக்கு எழுப்புமென்று நம்புதற்கில்லை. செவியோ உறக்கத்தினும் பேரொலிக்கு இணங்கும்.

ஆயின் இவ்வனுமானம் உதவாத இடம் ஒன்றுண்டு. விறகோ, நிலக்கரியோ, எரிவாயுவோ போதிய காற்றின்றி எரியுங்கால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு பிறக்கின்றது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேலாக இதனை இறுகப் பற்றுகின்றது. தலைவலியும் குமட்டலுமே முதற்குறிகள். சளிக்காய்ச்சலென்றெண்ணிப் படுத்தோர் மீள எழாமற் போதலும் உண்டு. இதனைப் புகைமணி அறியாது. தனியே ஒரு வாயுமணி வேண்டும்.

இவ்வுண்மைக்கு இங்கிலாந்தின் சட்டம் மெல்லவே இடங்கொடுத்தது. 2015 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த விதிகள், தனியார் வாடகை வீட்டில் மக்கள் வாழும் தளந்தோறும் ஒரு புகைமணி வேண்டுமென்றன. வாயுமணியோ, விறகு, நிலக்கரி முதலிய திட எரிபொருள் எரிக்கும் அறைக்கே விதிக்கப்பட்டது. எரிவாயுக் கொதிகலன் நிற்கும் அறை விடுபட்டது. நஞ்சு பிறப்பது காற்றின் குறைவால். எரிபொருள் திடமோ வாயுவோ என்று அது பார்ப்பதில்லை. ஆதலின் அவ்வேறுபாடு எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. 2022 அக்டோபர் 1 முதல் நிலையாகப் பொருத்திய எரிகலன் உள்ள வாழறை எதற்கும் வாயுமணி கட்டாயமாயிற்று. சமூக வாடகை வீடுகளும் விதிக்குட்பட்டன. எரிவாயுச் சமையலடுப்பு மட்டும் இன்னும் விலக்கே!

குடிபுகும் முதல்நாளில் மணிகள் ஒலிக்கின்றனவா என வீட்டுடையார் சோதித்தல் வேண்டும். பழுதென்று குடியிருப்போர் அறிவித்தால் விரைவிற் சீர்செய்தல் வேண்டும். உள்ளூராட்சி மன்றத்தின் அறிவிப்பிற்கும் இணங்காதார்க்கு 5,000 பவுன் வரை தண்டம் உண்டு.

மேற்படிப்பிற்கு ஆங்குச் செல்லும் நண்பர் ஒன்று கருதுக. மாணவர் விடுதிகளும், வீட்டுடையார் உடனுறைந்து பங்கிடும் வீடுகளும் இவ்விதிகளுக்குப் புறம்பானவை. புதிதாய்ச் செல்வோர் பெரும்பாலும் தங்குவன இவையே. ஆண்டுத் தங்குவோர், மணிகள் உளவா என முதல்நாளே தாமாகக் கேட்டறிதல் வேண்டும்; உளவேல், திங்கள்தோறும் அவற்றின் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும்.