வேன் கூரை ஏன் ஒழுகுகிறது?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் அருகே வெயிலில் நிற்கும் யாத்திரை வேன்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வேனின் கூரை 3 மீட்டர் நீள அலுமினியத் தகடு என்று கொள்வோம். வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும்.

அதன் இணைப்பை எபாக்சிப் பசையால் அடைத்தால் என்னாகும்? எபாக்சி கல்போல் இறுகிவிடும். அன்றாட இழுபறியில் விரிசல் காணும், மழைநீர் இறங்கும். ஆகவே அங்கே ரப்பர்போல் நெகிழும் சிலிக்கோனோ பாலியூரித்தேனோ வேண்டும். சிலிக்கோன் காற்றின் ஈரத்தால் இறுகுவது. சில வகைகளில் அப்போது காடி வாடை வரும். அது அசெட்டிக் அமிலம். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்! உடைந்த கைப்பிடியை ஒட்டவோ எபாக்சியே ஏற்றது.

ஒட்டுவதோடு இளக்கத்தையும் சேர்ப்பது பழைய யுக்திதான். கோயிலில் சிலைக்கும் பீடத்துக்கும் இடையே சாத்தும் அஷ்டபந்தன மருந்தில் கொம்பரக்கும் குங்கிலியமும் ஒட்டும். தேன்மெழுகும் எருமை வெண்ணெயும் இடித்துப் பிசைய இளக்கம் தரும்.