விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு ஒரு வேலை விண்ணப்பத்திலிருந்தே தொடங்குகிறது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கணக்குப் பதிவியலும் கற்ற இளைஞர்கள், ஒரு சான்றிதழையும் ஒரு சிபாரிசுக் கடிதத்தையும் நம்பி ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கினர். டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றியிருந்த வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இடம் பெற்றனர். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய தெருக்களில் குடியமர்ந்தனர். அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, 1907-ஆம் ஆண்டில் நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, பதினெட்டே வயதில் துணைக் கணக்காயராக இந்நகருக்கு வந்தவர் சர் சி.வி. இராமன். இன்றைக்கும் லேக் மார்க்கெட்டில் காலையில் வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் வாங்கலாம். ஆனால் சிபாரிசுக் கடிதத்தின் காலம் முடிந்துவிட்டது. அதன் இடத்தில் எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் வந்துவிட்டன.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இப்பகுதியில் வசித்து வருகிறேன். பணிக்காலத்தில் சில ஆண்டுகள் நேர்முகத் தேர்வுக் குழுவில் அமரும் வாய்ப்பும் கிடைத்தது. அதனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தேர்வு நெருங்கும்போது என்னைத் தேடி வருவதுண்டு. அண்மையில் அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். வங்கி அதிகாரிப் பணிக்கான எழுத்துத் தேர்வில் வென்று, நேர்முகத் தேர்வுக்கு அழைப்புப் பெற்றிருந்தாள். பத்து நாட்களே இருந்தன. கையில் நூறு கேள்விகளும் நூறு பதில்களும் அச்சிட்ட ஒரு புத்தகம். “மாமா, இதை மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா?” என்று கேட்டாள்.

புத்தகத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, நேர்முகத்துக்குக் கொண்டுபோகும் தன்விவரக் குறிப்பைக் கேட்டேன். ஒரே பக்கம். அதில் எத்தனை வரிகள் என்று எண்ணச் சொன்னேன். இருபத்திரண்டு. “உன்னிடம் கேட்கப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இருபத்திரண்டில்தான் இருக்கின்றன, அந்த நூறில் இல்லை” என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

குழுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எளிதில் விளங்கும். அறையில் இருப்பவர்கள் விண்ணப்பதாரரை முன்பின் அறியாதவர்கள். மேசைமேல் இருப்பது அந்த ஒரு தாள். ஒருவர் பொருளியல் அறிவை எழுத்துத் தேர்வு ஏற்கெனவே அளந்துவிட்டது. குழு அறிய விரும்புவது வேறு: இவரை நாளைக் காலை கவுண்டரில் உட்கார வைத்தால், ஓய்வூதியம் வரவில்லை என்று பதற்றத்தோடு வரும் ஒரு முதியவரிடம் இவர் எப்படிப் பேசுவார்? தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அனுப்பிவிடுவாரா? அதை நேரடியாகக் கேட்க இயலாது. ஆகவே, விண்ணப்பதாரருக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைப் பற்றி, அதாவது அவரைப் பற்றியே, பேச வைக்கிறார்கள்.

மதிப்பெண் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரித் தேர்வில் நேர்முகத்துக்கு 100 மதிப்பெண். தகுதி பெறக் குறைந்தது 40 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் 35 சதவீதமும் பெற வேண்டும். இறுதித் தரவரிசையில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதம் கடைப்பிடிக்கப்படுகிறது. எனவே நேர்முகத்தில் ஒருவர் 40-ம் மற்றொருவர் 60-ம் பெற்றால், இறுதிக் கணக்கில் இருவருக்கும் இடையே 4 மதிப்பெண் வேறுபாடு விழுகிறது. ஒரு மதிப்பெண்ணின் பின்னத்துக்குள் பலர் நெருக்கியடித்து நிற்கும் பட்டியலில் 4 என்பது சிறிதன்று. எழுத்தர் பணிக்கு நேர்முகம் கிடையாது. அங்கே மாநில மொழி அறிவுச் சோதனை உண்டு. விதிகள் மாறக்கூடியவை. ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பை விண்ணப்பதாரரே படித்துக்கொள்வது நல்லது.

இனி, அந்த இருபத்திரண்டு வரிகள்.

‘பிறந்த ஊர்: கொல்கத்தா’ என்று ஒரு வரி. இதில் என்ன கேள்வி இருக்கிறது என்றாள். வங்கித் தேர்வுக்குச் செல்லும் கொல்கத்தாப் பெண்ணிடம் கேட்க இந்த ஊரே போதும். ஸ்டேட் வங்கியின் மூலவேர் 1806-இல் இங்கே தொடங்கிய பாங்க் ஆஃப் கல்கத்தா. அது 1809-இல் பாங்க் ஆஃப் பெங்கால் என்று பெயர் மாறிற்று. 1921-இல் பம்பாய், சென்னை மாகாண வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. 1955 ஜூலை 1 முதல் ஸ்டேட் வங்கி. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று செயல்படத் தொடங்கியபோது அதன் மைய அலுவலகம் இந்நகரில்தான் இருந்தது. 1937-இல் பம்பாய்க்குச் சென்றது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அலகாபாத் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று சென்னையின் இந்தியன் வங்கியோடு இணைந்தது. கொல்கத்தாவில் பிறந்த தமிழ்ப் பெண்ணிடம் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்? ‘லேக் மார்க்கெட்டில் லேக் எங்கே?’ என்றுகூடக் கேட்கலாம். அருகிலுள்ள ஏரி 1920-களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வெட்டியது என்றும், 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் பெற்றது என்றும் சொல்லத் தெரிந்தால், தன் வாசலைச் சுற்றி நடப்பதைக் கவனிப்பவள் என்று குழு அறிந்துகொள்ளும்.

‘பொழுதுபோக்கு: வாசிப்பு.’ கடைசியாக வாசித்த நூல் எது என்றேன். மௌனம். அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். அவள் மாலை வேளைகளில் மாடித் தோட்டத்தில் கீரை வளர்க்கிறாள். அதை எழுதினால் அரைமணி நேரம் பேசுவாள். இந்த இடத்தில் விண்ணப்பதாரர்கள் ஏன் தங்களிடம் இல்லாததையே எழுதுகிறார்கள் என்பது இத்தனை ஆண்டுகளாகியும் எனக்கு விளங்காத ஒன்று.

ஒவ்வொரு வரிக்கும் மூன்று படி ஆழம் வரை பதில் இருக்க வேண்டும் என்பது என் பழைய கணக்கு. வணிகவியல் பட்டம் என்றால், பிடித்த பாடம் எது என்பது முதல் படி. தணிக்கை என்றால், உள்தணிக்கைக்கும் சட்டப்பூர்வத் தணிக்கைக்கும் வேறுபாடு என்ன என்பது இரண்டாம் படி. ஒரு சிறு கடையின் கணக்கைத் தணிக்கை செய்யச் சொன்னால் முதலில் எதைப் பார்ப்பாய் என்பது மூன்றாம் படி. மனப்பாடம் முதல் படியோடு நின்றுவிடும். மூன்றாம் படிக்கு வந்தவர்களை அறையில் உடனே அடையாளம் காணலாம். அவர்கள் பேசும்போது கைகள் தாமாகவே அசையத் தொடங்கும்.

பன்னிரண்டாம் வரியில்தான் சிக்கல் இருந்தது. பட்டம் பெற்ற பின் இரண்டு ஆண்டுகளுக்கு, ‘கணினிப் பயிற்சி’ என்று எழுதியிருந்தாள். சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பயிற்சிக்கு அவள் போகவே இல்லை. தந்தைக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் சிறிய மெஸ் ஒன்றை அவர் நடத்தி வந்தார். அதை மூடாமல் இரண்டு ஆண்டுகள் காப்பாற்றியவள் இந்தப் பெண். இதை எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று தோழியர் சொன்னார்களாம்.

இங்கே அவளுக்கு 1912-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொன்னேன். அவ்வாண்டு பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஓர் இளைஞர் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தார். பெயர் சீனிவாச இராமானுஜன். கல்லூரிப் படிப்பில் எப்.ஏ. தேர்வைக்கூடத் தாண்டாதவர். விண்ணப்பத்தில் தோல்வி என்ற சொல்லை அவர் எழுதவில்லை. ஆனால் படிப்பு இடையில் நின்றதை மறைக்கவும் இல்லை. சூழ்நிலையால் மேலே படிக்க முடியவில்லை என்றும், அந்தக் காலம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டதாகவும் எழுதினார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்பவரின் பரிந்துரையும் அவருக்கு இருந்தது. மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. இடைவெளி நேர்ந்தது என்று ஒரு வாக்கியம். அந்த இடைவெளியில் என்ன செய்தேன் என்று அடுத்த வாக்கியம். இன்றைய இடைவெளிகளுக்கும் இதே அளவு போதுமானது. அதற்கு மேல் வருத்தம் தெரிவித்தால் அது முறையீடாகிவிடும்.

இதற்கு முன்னரே இராமானுஜனுக்கு இன்னொரு நேர்முகமும் நடந்தது. நெல்லூர் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் கணித ஆர்வலர். அவரைத் தம் குறிப்பேடுகளோடு இராமானுஜன் சந்தித்தார். முதல் நாள் காட்டியவை கலெக்டருக்குப் பிடிபடவில்லை. வேறொரு நாள் வரச் சொன்னார். மறுமுறை வந்தபோது இராமானுஜன் கேட்பவரின் அளவை அறிந்து, எளிய முடிவுகளிலிருந்து தொடங்கினார். படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்றார். முடிவில் அவரிடம் இருப்பது அசாதாரணமான திறமை என்று கலெக்டர் உணர்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சியைத் தொடர வாழ்க்கைச் செலவுக்குச் சிறிது பணம் வேண்டும் என்பதே பதில். ‘இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்?’ என்ற கேள்விக்கு ‘நாட்டுக்குச் சேவை செய்ய’ என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் விண்ணப்பதாரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதில் நினைவுக்கு வருவதுண்டு.

பன்னிரண்டாம் வரியை அவள் திருத்தி எழுதினாள். பிறகு அந்த மெஸ்ஸின் கணக்கைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். மாத வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்? நாற்பதுக்குக் குறையாது. எரிவாயு உருளை மாதத்துக்கு எத்தனை? சமையல் ஆட்களுக்குக் கூலி வாரக் கூலியா, மாதக் கூலியா? பணத்தை ரொக்கமாக வாங்கினாயா, கியூஆர் குறியீடு வைத்தாயா? மாதக் கடைசியில் பணம் தராதவரை என்ன செய்தாய்? அவள் சொன்ன பதில்கள் அருமையாக இருந்தன. இருவரைத் தவிர யாரும் பாக்கி வைக்கவில்லை. அந்த இருவரில் ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்து தவணையாக வாங்கினாள். மற்றவருக்குச் சாப்பாட்டை நிறுத்தினாள். கடன் கொடுக்கும் ஓர் அதிகாரி நாள்தோறும் செய்ய வேண்டிய ஆய்வே இது. திரும்பச் செலுத்த இயலாதவரையும் செலுத்த விரும்பாதவரையும் பிரித்தறியும் அந்த வேலையை அவள் பெயர் தெரியாமலே இரண்டு ஆண்டுகள் செய்திருக்கிறாள்.

மொழியைப் பற்றியும் ஒரு பயம் இருந்தது. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். நேர்முகத்தில் ஆங்கிலம் தடுமாறும் என்றாள். என் ஆலோசனை இது: ஒரு செய்தியை முதலில் பாட்டிக்குத் தமிழில் சொல், பின் காய்கறிக்காரரிடம் வங்காளத்தில் சொல், கடைசியாக ஆங்கிலத்தில் சொல். ரெப்போ விகிதம் என்பது ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி வீதம். அது ஏறினால் வீட்டுக் கடன் தவணை ஏன் ஏறுகிறது என்று பாட்டிக்கு விளங்கும்படி சொல்ல முடிந்தால், எந்த மொழியிலும் சொல்லலாம். பாட்டிக்குச் சொல்ல முடியவில்லை என்றால் விஷயமே இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அங்கே ஆங்கிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தெரியாத கேள்விக்கு ‘மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்கலாம். குழுவில் இருந்த காலத்தில், ஊகித்துச் சொன்ன பதிலுக்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு. தெரியாது என்று சொன்னவருக்கு ஒருபோதும் குறைத்ததில்லை.

உடையும் சான்றிதழ்களும் பற்றிப் பலரும் பேசுவதால் சுருக்கமாக முடிக்கிறேன். அசல் சான்றிதழ்களும் நகல்களும் அழைப்புக் கடிதத்தில் கண்ட வரிசையில் முதல் நாளிரவே அடுக்கப்பட வேண்டும். பெயரில் எழுத்து வேறுபாடு இருந்தால் உரிய உறுதிமொழிப் பத்திரத்தை முன்னரே வாங்கிவிட வேண்டும். அன்று காலையில் அதற்கு வழியில்லை. மெட்ரோவில் நெரிசல் நேரம் எது என்று அறிந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படலாம்.

வாடிக்கையாளர்களுக்கு இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். நேர்முகத்துக்கு ‘இடம் ஒதுக்க’, ‘தேர்வானதை உறுதி செய்ய’ என்று தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ பணம் கேட்டால், அது மோசடி. தேர்வு அறிவிப்பில் அதிகாரப்பூர்வ இணையதளத்தின் வழியே செலுத்தச் சொன்ன விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர வேறு எந்தக் கட்டணமும் கிடையாது. ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் பகிர வேண்டா. வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அந்தப் பணத்தை அனுப்புபவர்கள் அவர்களே.

நேர்முகம் முடிந்த அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தாள். பதினைந்து நிமிடம் நடந்ததாம். ரிசர்வ் வங்கி எந்த ஊரில் தொடங்கிற்று என்று கேட்டார்களாம். ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னாளாம். மற்ற நேரமெல்லாம் மெஸ்ஸைப் பற்றித்தான். சாப்பாட்டை நிறுத்திய அந்த வாடிக்கையாளர் பின்னர் பாக்கியைத் தந்தாரா என்று கடைசியாக ஓர் அம்மையார் கேட்டாராம். “தரவில்லை, மாமா. அதையும் அப்படியே சொல்லிவிட்டேன்” என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை. வேறொரு வங்கியின் தேர்வுக்காகப் புதிய தன்விவரக் குறிப்பைக் கொண்டுவந்திருந்தாள். அதில் பன்னிரண்டாவதாக இருந்த வரி இப்போது நான்காவதாக இருந்தது.